புகை குடித்த மணிகள்

7

"ஒட்டகம்" என்றான் காளிராஜ்.

காரை ஓட்டிக்கொண்டிருந்த சண்முகவடிவு ஒரு கணம் திரும்பிப் பார்த்தாள். அவன் மடியில் விரித்திருந்த தாளில் ஒரு கோடு ஏறி, இறங்கி, மறுபடி அதைவிட உயரமாக ஏறி இறங்கியிருந்தது.

"ரெண்டு திமிலு. சந்தேகமே இல்லக்கா, குத்தவாளி ஒட்டகம்தான். அருப்புக்கோட்டையில ஒட்டகம் கம்மி. சாயங்காலத்துக்குள்ள புடிச்சிரலாம்."

அவள் சிரிக்கவில்லை. சிரித்தால் இன்னும் நாலு ஜோக் வரும். அவளுடைய உதவியாள் காளிராஜ் பத்து வருஷம் திருச்சுழி மினிபஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். விசில் போய்விட்டது, வாய் போகவில்லை. வடிவோ இருபது வருஷம் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்து விசாரணை செய்துவிட்டு, இப்போது அருப்புக்கோட்டையில் ஒரு ரெடிமேட் கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருப்பவள்.

பின் சீட்டில் உட்கார்ந்திருந்த பெண்தான் பேசினாள். "அந்த மாரிச்செல்வத்தை வெளிய கொண்டாரத்தான என்னையக் கூட்டிட்டுப் போறீக?"

அவள் அமுதவள்ளி. புருஷனைப் பறிகொடுத்து ஒன்பது நாள் ஆகிறது.

"உண்மையை வெளிய கொண்டாரப் போறோம். அது கூட யாரு வருவாகன்னு எனக்கே இன்னும் தெரியாது" என்றாள் வடிவு.

பாலவனத்தம் சாலையில் மூடிப்போன பஞ்சாலை ஒன்றின் கொட்டகையில் மதன்குமார் என்பவர் ஒரு சின்னத் தொழிற்சாலை நடத்துகிறார். பெரிய டீசல் ஜெனரேட்டர்களின் புகைக்குழாயில் பொருத்தும் வடிகட்டிகள் அங்கே தயாராகின்றன. வடிகட்டிக்குள் இருப்பது இரும்பு கலந்த, சியோலைட் என்ற கனிம மணிகள். பார்க்கக் கேழ்வரகு நிறத்தில், மிளகைவிடக் கொஞ்சம் பெரிசு. ஒவ்வொரு மணிக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான ஓட்டைகள். ஜெனரேட்டர் கக்கும் நைட்ரஜன் டை ஆக்சைடு என்ற பழுப்பு நிற விஷவாயு அந்த ஓட்டைகளில் போய் ஒட்டிக்கொள்ளும். 'புடிச்சா விடாது' என்று வாசல் போர்டிலேயே எழுதியிருந்தார் மதன்குமார்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை பகலில் அங்கே மணிகளைக் காயவைக்கும் அறையில் வேலை பார்த்தவர் அமுதவள்ளியின் புருஷன் அழகுராஜா. சாயங்காலம் வீட்டுக்கு வந்து தொண்டை எரிகிறது என்றார். இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். விடிவதற்குள் நுரையீரலில் நீர் கோத்து உயிர் போய்விட்டது. அந்த வாயுவின் குணம் அப்படி. உள்ளே போன பிறகு ஆளை வீடுவரை நடக்கவிடும்.

சோதனைக்கு வைத்திருந்த வாயு சிலிண்டரின் சாவி, கூட வேலை பார்த்த மாரிச்செல்வத்திடம் இருந்தது. அவனுக்கும் அழகுராஜாவுக்கும் அதற்குப் பத்து நாள் முன்னால்தான் ஊர்க் கோயில் பொங்கல் விழாவைச் சாட்டும் விஷயத்தில் அடிதடி. அமுதவள்ளி அவன்மேல் புகார் எழுதிக் கொடுத்தாள். போலீஸ் மாரிச்செல்வத்தைப் பிடித்து உள்ளே வைத்தது. அவன் பெண்டாட்டி ராஜேஸ்வரி அழுதுகொண்டே வடிவின் மாடிப்படி ஏறினாள்.

"திங்கக்கிழமை மத்தியானம் மாரிச்செல்வம் சிலிண்டரைப் பூட்டிட்டு எடை போட்டு, சாக்பீஸ்ல சொவத்துல எழுதியிருக்கான்" என்றாள் வடிவு. "புதன்கிழமை போலீஸ் எடை போட்டப்பவும் அதே எடை. ஒரு கிராம்கூடக் கொறையல."

"தராசு கெட்டுப்போச்சுன்னுட்டாகளே" என்றாள் அமுதவள்ளி.

"தராசு பேச மாட்டேங்குது, அதான் அது மேல பழி" என்றான் காளிராஜ். "அப்ப புகை எங்கிருந்துக்கா வந்துச்சு?"

"மணியில இருந்து."

"போர்டுல விடாதுன்னு போட்டிருக்கு."

"குளுந்து இருக்கிற வரைக்கும் விடாது. சூடு பட்டா விட்டுரும். மதுரையில ஒரு கெமிஸ்ட்ரி பேராசிரியைகிட்டக் கேட்டுட்டேன். எல்லாம் ஒரே மாதிரி ஒட்டியிருக்காதாம். சிலது சும்மா மேலாப்பல ஒட்டியிருக்கும், நூறு டிகிரி தாண்டினதுமே கெளம்பிரும். சிலது மணிக்குள்ள இருக்கிறதோட சேந்து உருமாறி இறுகிப்போயிருக்கும். அதைக் கெளப்ப முந்நூறு வேணும்."

காளிராஜ் தாளை உற்றுப் பார்த்தான். அந்த அறைச் சுவரில் வாயு கசிந்தால் கத்தும் ஒரு கருவி இருந்தது. வேலையாட்கள் அதை 'மூக்கு' என்பார்கள். மூக்கின் நினைவில் செவ்வாய்க்கிழமை பதிந்த கோடுதான் அந்தத் தாள்.

"புரிஞ்சிருச்சுக்கா. படியில தொங்குறவன் மொத ஸ்டாப்புலயே குதிச்சிருவான். அது மொதத் திமிலு. சன்னல் சீட்டைப் புடிச்சவன் கடைசி ஸ்டாப்பு வந்தாத்தான் எந்திரிப்பான். அது ரெண்டாவது."

"சிலிண்டர் ஒழுகியிருந்தா ஒரே திமிலுதான் இருக்கும். இது ரெண்டு. அப்ப திங்கக்கிழமை சோதனையில வாயு குடிச்ச தட்டைத்தான் யாரோ காயவைக்கிற அடுப்புல ஏத்தியிருக்காக. பழைய தட்டைக் கொட்டகைக்கு வெளிய, புகைக்கூண்டுக்குக் கீழ வச்சுத்தான் சூடாக்கணும். இந்த அறையில ஒரு சன்னல்கூடக் கிடையாது."

வடிவு கொஞ்சம் நிறுத்தினாள்.

"ரெண்டு திமிலுக்கும் நடுவுல பாரு. கோடு சட்டுனு தரைக்கு வருது. கதவு தொறந்திருக்கு. அழகுராஜா வெளிய வந்திருக்காரு. எனக்கு வெளங்காதது அது ஒண்ணுதான். தப்பிச்சு வெளிய வந்த மனுசன் ஏன் திரும்ப உள்ள போனாரு?"

அமுதவள்ளி சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வெளியே கரிசல் காடு வெடித்துக் கிடந்தது.

* * *

மதன்குமார் வாசலிலேயே நின்றார். நாற்பது வயது இருக்கும். இஸ்திரி கலையாத சட்டை.

"மூணாவது தடவை வாரீங்க மேடம். நான் சொல்றது ஒண்ணுதான். நான் பி.காம். எனக்கு விக்கத் தெரியும். உள்ள இருக்கிற சரக்கைப் பத்தி ஒண்ணும் தெரியாது. அடுப்பைத் தப்பா வச்சது அழகுராஜாவோ, வாயுவைத் திறந்தது மாரிச்செல்வமோ, எனக்கென்ன தெரியும்?"

"கடைசித் தடவைன்னு வச்சுக்கோங்க. தட்டு அடுக்குற அலமாரியையும் அந்த அறையையும் பாத்துட்டுப் போயிர்றேன்."

அலமாரியில் தட்டுகள் வரிசையாக இருந்தன. புது மணி என்றால் பச்சைக் கயிறு, வாயு குடித்தது என்றால் சிவப்புக் கயிறு. மதன்குமாருக்குப் போன் வந்தது. கோயம்புத்தூரில் இருந்து யாரோ. அவர் வெளியே போய்ப் பேசிவிட்டு வருவதற்குப் பத்து நிமிஷம் ஆனது. அந்த நேரத்தில் வடிவு காளிராஜை அனுப்பி, காரிலிருந்து தன் தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவரச் சொன்னாள்.

அவன் போனபோது காரில் அமுதவள்ளி இல்லை. முகம் கழுவப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டான்.

காயவைக்கும் அறை பழைய மில்லில் பஞ்சு பூட்டி வைத்த இடம். இரண்டடிச் சுவர். வெளியே தாழ்ப்பாள் வைத்த இரும்புக் கதவு. ஒரு ட்யூப் லைட். ஓரத்தில் பீரோ உயரத்துக்கு மின்சார அடுப்பு. அதன் சுவிட்சோ வெளியே வராந்தாச் சுவரில். அறைக்குள் இருந்தது சூட்டைக் காட்டும் சிவப்பு எண் மட்டும்.

"செவ்வாய்க்கிழமை எப்படி இருந்துச்சோ அப்படியே வச்சுப் பாப்போம். காளி, அந்தச் சிவப்புக் கயிறு தட்டை அடுப்புல வை" என்றாள் வடிவு.

"எதுக்கு மேடம்?" மதன்குமார் வாசற்படியில் நின்றபடியே கேட்டார்.

"சும்மாதான். சுவிட்சே போடலியே. இந்த எண் என்னன்னு கொஞ்சம் பாருங்க, என் கண்ணாடி கார்ல இருக்கு."

அவர் உள்ளே மூன்று அடி வைத்தார். பின்னால் கதவு அறைந்து மூடியது. தாழ்ப்பாள் விழுந்த சத்தம் சுவருக்குள் இறங்கியது. அடுப்பு ஒரு தடவை குலுங்கி முனகத் தொடங்கியது.

"முப்பத்தொம்பது" என்றான் காளிராஜ், எண்ணைப் பார்த்து. "நாப்பத்திரண்டு. அக்கா, இது ஏறுது."

மதன்குமார் கதவை இரண்டு கையாலும் அடித்தார். "யாருய்யா வெளிய? தொறங்க!"

காளிராஜ் தோளால் முட்டினான். கதவு அசையவில்லை, தோள்தான் அசைந்தது. மதன்குமார் போனை எடுத்தார். சிக்னல் இல்லை. தலைக்குமேல் தூக்கிப் பிடித்து மூலை மூலையாகப் போனார். அந்தச் சுவருக்குள் எந்த மூலையும் ஒன்றுதான்.

"மத்தியானம். சாப்பாட்டு நேரம். ஆளுக எல்லாம் பாலவனத்தத்துக்குப் போயிருப்பாங்க" என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல.

"எம்புட்டு நேரத்துல நூறு தாண்டும்?" வடிவு கேட்டாள். அவள் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள்.

"எனக்கு எப்படி மேடம் தெரியும்?"

அறுபத்தொன்று. அறை ஏற்கனவே கொதித்துக்கொண்டிருந்தது. ஒன்பது நாள் முன்னால் இதே இடத்தில், இதே எண்ணைப் பார்த்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார் என்பது காளிராஜுக்கு நினைவு வந்தது. சின்னதாக ஒரு இருமல் வந்தது. வெறும் பயம்தான் என்று தெரிந்தும், தொண்டை எரிகிறதா என்று எச்சிலை விழுங்கிப் பார்த்தான். ஏதாவது சொல்லிச் சிரிக்கலாம் என்று வாயைத் திறந்தான். மறுபடி இருமல்தான் வந்தது.

எழுபத்தெட்டு.

மதன்குமார் கதவை விட்டுவிட்டார். அவர் கண் சுவரிலிருந்த மூக்கின் மேலேயே இருந்தது. கைக்குட்டையை நாலாக மடித்து வாயில் பொத்திக்கொண்டார்.

எண்பத்தாறு.

காளிராஜ் சுற்றிலும் பார்த்தான். மூலையில் இருபது லிட்டர் தண்ணீர்க் கேன் ஒன்று இருந்தது. ஓடிப் போய்த் தூக்கினான். "தள்ளுங்க! அடுப்பைத் தொறந்து தட்டு மேல ஊத்திர்றேன். குளுந்துருச்சுன்னா வராதுல்ல?"

அடுப்பின் கைப்பிடியில் அவன் கை பட்டதுதான் தாமதம், மதன்குமார் பாய்ந்து வந்து கேனைக் கட்டிப்பிடித்தார்.

"ஊத்தாதடா! ஏலே, ஊத்தாத! தண்ணி பட்டுச்சுன்னா உள்ள இருக்கிற வாயுவை எல்லாம் தள்ளிவிட்டுட்டு அது போயி உக்காந்துக்கிரும். மொத்தமும் ஒரே நேரத்துல வெளிய வந்துரும்! சூடாவது கொஞ்சங்கொஞ்சமா விடும். தண்ணி பட்டா இந்த நிமிசமே செத்தோம்!"

கேன் நழுவித் தரையில் உட்கார்ந்தது. அடுப்பு முனகுவது மட்டும் கேட்டது.

"முதலாளி" என்றாள் வடிவு. "அது பி.காம்.ல எந்த வருசத்துப் பாடம்?"

மதன்குமார் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

"எங்கயோ... படிச்சேன்."

"நல்லாவே படிச்சிருக்கீங்க. மணியில தண்ணி போனா வாயு வெளிய வரும்னு எனக்கே அந்தப் பேராசிரியை சொல்லித்தான் தெரியும். நூறு தாண்டினா மூக்கு கத்தும்னும் தெரிஞ்சிருக்கு. அடுப்பைப் பாக்காம அதையே பாக்குறீங்க. புது மணியைக் காயவைக்க நூத்தி இருவது போதும். செவ்வாய்க்கிழமை அடுப்பு முந்நூத்தம்பதுல இருந்துச்சு. வச்சது யாரு?"

தொண்ணூற்று ஆறு.

"கதவைத் தொறக்கச் சொல்லுங்க. சொல்லிர்றேன்."

"சொல்லுங்க. தொறக்கச் சொல்றேன்."

அப்போதுதான் காளிராஜுக்கு உறைத்தது. கதவைச் சாத்தியது அக்கா ஏற்பாடு. அவன் அவளைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை.

மதன்குமார் அவசர அவசரமாகப் பேசினார். புதன்கிழமை வடிகட்டி வாங்கும் கோயம்புத்தூர் ஆட்கள் வருவதாக இருந்தது. அவர்கள் கண்முன்னால் புது மணியில் வாயுவை விட்டுப் பிடித்துக் காட்ட வேண்டும். ஆனால் புதிதாக வந்த மணிகள் சரியாகவே பிடிக்கவில்லை. நன்றாகப் பிடித்தது திங்கட்கிழமை சோதித்த தட்டுகள் மட்டும்தான், அவையோ நிறைந்துபோயிருந்தன. ஒரு தட்டையாவது காலி செய்து, புதுசு என்று காட்ட நினைத்தார். வெளியே இருக்கும் அடுப்பு பழுதாகிக் கிடந்தது. சிவப்புக் கயிறை அவிழ்த்துப் பச்சையைக் கட்டினார். வராந்தா சுவிட்சை முந்நூற்றைம்பதில் வைத்துவிட்டு, புது மணிதான், காயவை என்று அழகுராஜாவிடம் கொடுத்தார். உண்மையைச் சொன்னால் இந்த அறையில் அழகுராஜா செய்யவே மாட்டார்.

"கொல்லணும்னு நெனைக்கல மேடம். கொஞ்சம் இருமல் வரும், அம்புட்டுத்தான்னு நெனைச்சேன். சத்தியமா. அப்புறம் போலீஸு மாரிச்செல்வத்தைப் புடிச்சுது. நான் வாயைத் திறக்கல. அவ்வளவுதான் நான் பண்ணினது. இப்பத் தொறக்கச் சொல்லுங்க!"

நூற்றுப் பதினான்கு. மூக்கு கத்தவில்லை.

மதன்குமார் எண்ணைப் பார்த்தார், மூக்கைப் பார்த்தார், மறுபடி எண்ணைப் பார்த்தார். நூற்று முப்பது ஆனது. அப்போதும் இல்லை.

"கத்தாது" என்றாள் வடிவு. "அடுப்புல இருக்கிறது புது மணி. நீங்க போன் பேசப் போன நேரத்துல கயிறை மாத்திக் கட்டிட்டேன். செவ்வாய்க்கிழமை நீங்க பண்ணின அதே வேலைதான்." சேலை மடிப்பிலிருந்து போனை எடுத்துக் காட்டினாள். அதில் குரல் பதிவாகிக்கொண்டிருந்தது. "வாயு குடிச்ச மிச்சத் தட்டு பச்சைக் கயிறோட அலமாரியிலதான் பத்திரமா இருக்கு."

காளிராஜ் தண்ணீர்க் கேன் மேலேயே உட்கார்ந்துவிட்டான். "அக்கா, ஒரு வார்த்தை என்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல? பாதி உசுரு போயிருச்சு."

"சொல்லியிருந்தா நீ கேனைத் தூக்கியிருக்க மாட்ட. அவரு தட்டை வெளிய எடுக்கப் பாப்பாரு, அதுல மாட்டுவாருன்னுதான் நான் நெனைச்சேன். தண்ணி உன்னோட யோசனை."

அவள் கதவை மூன்று முறை தட்டினாள். காளிராஜ் காருக்குப் போயிருந்த நேரத்தில் அமுதவள்ளியிடம் பேசிவைத்த அடையாளம் அதுதான்.

கதவு திறக்கவில்லை.

மறுபடி தட்டினாள். "அமுதா, போதும். தொற."

இரும்புக்கு அந்தப்புறம் அமுதவள்ளியின் குரல் மெதுவாக, வெகு பக்கத்தில் கேட்டது. "நீங்க கார்ல ஒரு கேள்வி கேட்டீகளேக்கா. மொதலாளி எல்லாத்தையும் சொன்னாரு, அதைச் சொல்லலியே."

வடிவின் கை கதவிலேயே நின்றது. ஆமாம். கேட்கவில்லை. குற்றவாளி ஒத்துக்கொண்ட சந்தோஷத்தில் மறந்துவிட்டாள்.

நூற்று எழுபது. புகை இல்லாவிட்டாலும் அடுப்பு அடுப்புதான். அறையில் மூச்சு விடுவதே வேலையாக இருந்தது. காளிராஜின் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. இந்த முறை இது அக்காவின் ஏற்பாடு இல்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.

"அமுதா, நாங்களும் உள்ள இருக்கோம்."

"தெரியும்க்கா. உள்ள புகை இல்லேன்னு நீங்க சொன்னதும் காதுல விழுந்துச்சு. சுவிட்சை இப்பவே அமத்திர்றேன். நான் யாரையும் சாகடிக்க நிக்கல. அவுக வெளிய வந்தாக. ஏன் திரும்ப உள்ள போனாக? அவரு சொல்லட்டும்."

அடுப்பின் முனகல் நின்றது. எண் நூற்று எழுபத்தெட்டில் நின்றது.

மதன்குமார் சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்தார். "நான் ஆபீஸ் ரூம்ல இருந்தேன். எனக்குத் தெரியாது" என்றார்.

தாழ்ப்பாள் அசையவில்லை. வடிவு அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். எவ்வளவு நேரம் போனது என்று காளிராஜுக்குத் தெரியவில்லை. வியர்வை மூக்கு நுனியில் சேர்ந்து சொட்டியது. ட்யூப் லைட்டுக்குள் ஒரு பூச்சி முட்டிக்கொண்டே இருந்தது.

"இருமிக்கிட்டே வந்தாரு" என்றார் மதன்குமார் கடைசியில், தரையைப் பார்த்து. "மொதலாளி, மூக்கு கத்துது, உள்ள கெட்ட வாடை வருதுன்னாரு. நான் வந்து பாத்தேன். கொஞ்ச நேரத்துல மூக்கு அடங்கிருச்சு. பாருய்யா, சரியாயிருச்சுல்ல, போய் உக்காருன்னேன்."

"ரெண்டாவது தடவையும் புகை வரும்னு உங்களுக்குத் தெரியும்" என்றாள் வடிவு.

"தெரியும்."

"அவுக என்ன சொன்னாக?" கதவுக்கு அந்தப்புறமிருந்து கேட்டது.

"கதவைத் தொறந்து போட்டுக்கிறவான்னு கேட்டாரு." மதன்குமாரின் குரல் உடைந்தது. "வராந்தா பூரா வாடை வந்தா மத்த ஆளுக கேப்பாங்க. சாத்திக்கோன்னேன்."

தாழ்ப்பாள் உடனே திறக்கவில்லை. முதலில் அந்தப்புறம் ஏதோ இரும்பில் உரசிக்கொண்டு கீழே இறங்கும் சத்தம் கேட்டது. அவள் கதவில் சாய்ந்தபடியே உட்கார்ந்துவிட்டாள் போல. பிறகு எழுந்தாள். தாழ்ப்பாள் இழுபட்டது.

வராந்தா வெயிலில் கண் கூசியது. காளிராஜ் முதலில் வெளியே போய் வாயைத் திறந்து மூச்சை இழுத்தான். அமுதவள்ளி நின்றுகொண்டிருந்தாள். உள்ளே உட்கார்ந்திருந்தவரை அவள் எட்டிப் பார்க்கவில்லை. அவள் உள்ளங்கையில் தாழ்ப்பாளின் துரு அப்படியே அச்சாகப் பதிந்திருந்தது.

வடிவு போன் செய்ததும் அரை மணி நேரத்தில் அருப்புக்கோட்டையிலிருந்து போலீஸ் ஜீப் வந்தது. குரல் பதிவையும், வாயு குடித்த தட்டையும், ரெண்டு திமில் தாளையும் இன்ஸ்பெக்டர் வாங்கிக்கொண்டார். தராசைப் பற்றி யாரும் பேசவில்லை. மதன்குமாரை ஏற்றிக்கொண்டு ஜீப் போனது.

"உங்களை வீட்டுல விட்டுறவா?" வடிவு கேட்டாள்.

"இல்லக்கா. ஸ்டேசனுக்குப் போவோம். மாரிச்செல்வம் பேர்ல எழுதிக் குடுத்தது நான். கையெழுத்து என்னுது. தப்புன்னும் நாந்தான் சொல்லணும்."

கார் பாலவனத்தத்தைத் தாண்டி, டவுனை நெருங்கும்போது அவள் முன்னால் குனிந்தாள்.

"ராஜேஸ்வரி வீடு பாளையம்பட்டியிலதான?"

"ஆமா."

"அங்க நிறுத்துங்க. அவளையும் கூட்டிட்டுப் போவோம்."

வடிவு ஒரு மளிகைக் கடை ஓரமாகக் காரை நிறுத்தினாள். சந்துக்குள் மூன்றாவது வீடு. ஒரு வாரமாக அந்தச் சந்தே அமுதவள்ளியின் பெயரைச் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தது. "நீங்க இருங்க, நான் போய்ச் சொல்லிக் கூப்புட்டு வாரேன்" என்றான் காளிராஜ்.

"வேணாம்ண்ணே."

அவள் காரை விட்டு இறங்கினாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நாந்தான் போகணும்."

சந்துக்குள் அவள் ஒருத்தியாக நடந்து போவதை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.